இரண்டு பைட் கேட்ட இடத்தில்: நின்டெண்டோ ஸ்விட்சின் செக்யூர் பூட் உடைந்த விதம்

ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியின் வலப்பக்கக் கைப்பிடியை மேல்நோக்கி உருவினால், அது பொருந்தியிருந்த தண்டவாளம் போன்ற பள்ளம் தெரியும். பள்ளத்தின் அடியில் சிறிய இணைப்பான் ஒன்று. அதில் வரிசையாகப் பத்து உலோக முனைகள். 2018 ஏப்ரல் கடைசியில் உலகம் முழுக்கப் பலர் காகிதம் கோக்கும் கம்பியை வளைத்து, அதில் பத்தாவது முனையைக் கிரவுண்டோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்த்துவிட்டு, ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தியபடியே பவர் பொத்தானைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. கருவி செத்ததுபோல் கிடக்கும். யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்தால்தான் உயிர் இருப்பது புலப்படும்: கருவிகளின் பட்டியலில் 'ஏபிஎக்ஸ்' என்று ஒரு பெயர் புதிதாக முளைத்திருக்கும்.

அந்தப் பெயர் முளைத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் கணினியிலிருந்து ஒரு சிறிய நிரலை ஓட்டினால், நின்டெண்டோவின் கையெழுத்து எதுவும் இல்லாத மென்பொருள் அந்தக் கருவியில் ஓடும். லினக்ஸ் ஓடும். வேறு எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். இத்தனைக்கும் ஸ்விட்சின் செக்யூர் பூட், அதாவது நிறுவனத்தின் கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல், ஏனோதானோவென்று கட்டப்பட்டதல்ல. அதில் பயன்பட்ட கணிதத்தை அன்றும் யாரும் உடைக்கவில்லை, இன்றுவரை உடைக்கவில்லை. பிறகு எங்கே ஓட்டை என்பதுதான் இந்த ஆய்வு.

தாய்ப்பத்திரம்

நிலம் வாங்குகிறவர் விற்பவர் கையில் இருக்கும் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. அவருக்கு விற்றவரின் பத்திரம், அதற்கும் முந்தையது என்று தாய்ப்பத்திரம் வரை தேடிப் போகிறார். அதற்கு மேல் போக முடியாத ஓர் இடம் வரும். அந்த இடத்தை நம்பித்தான் பிற்பாடு எழுதிய எல்லாப் பத்திரங்களும் நிற்கின்றன.

செக்யூர் பூட்டும் இதே சங்கிலிதான். ஓடும் திசைதான் வேறு. கருவி விழித்ததும் தாய்ப்பத்திரம் முதலில் ஓடும். அது அடுத்த நிரலின் கையெழுத்தைச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் கட்டுப்பாட்டை அதன் கையில் கொடுக்கும். அது தனக்கு அடுத்ததைச் சோதிக்கும். இப்படியே இயங்குதளம் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு விளையாட்டு வரை சங்கிலி நீளும். ஒரு கண்ணியில் கையெழுத்துப் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். வெளியார் மென்பொருள் உள்ளே நுழைய இடமே இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் வாக்குறுதி.

ஸ்விட்சின் இதயம் என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சில்லு. விளையாட்டை ஓட்டும் வேகமான மையங்கள் அதில் இருந்தாலும் மின்சாரம் வந்ததும் முதலில் கண் திறப்பவை அவை அல்ல. ஓரத்தில் இருக்கும் ஆர்ம்7 வகைச் சிறு செயலி ஒன்றுதான் முதலில் எழுகிறது. வீட்டில் எல்லோருக்கும் முன் எழுந்து வாசல் தெளிக்கும் ஆள் மாதிரி. அது ஓட்டும் நிரலுக்குப் பூட்ராம் என்று பெயர். சில்லைத் தயாரிக்கும்போதே சிலிக்கானில் வார்க்கப்பட்ட நிரல் அது. அழிக்கவும் முடியாது, திருத்தி எழுதவும் முடியாது. இந்தப் பண்பால்தான் அதைத் தாய்ப்பத்திரமாக வைத்தார்கள்.

பூட்ராம் யாருடைய கையெழுத்தை நம்ப வேண்டும் என்பதைச் சில்லில் உள்ள ஃப்யூஸ்கள் சொல்லும். ஒவ்வொரு ஃப்யூஸும் ஒரு பிட். எரித்தால் எரித்ததுதான், திரும்பி வராது. ஆர்எஸ்ஏ என்ற கணித முறையில் கையெழுத்துப் போட ஒரு ரகசியச் சாவி, சரிபார்க்க ஒரு பொதுச்சாவி. அந்தப் பொதுச்சாவி 2048 பிட் நீளம். அத்தனை ஃப்யூஸுக்குச் சில்லில் இடம் ஒதுக்குவது வீண் என்பதால், அந்தச் சாவியின் எஸ்எச்ஏ-256 ஹாஷை மட்டும், அதாவது கைரேகைபோல் அதை அடையாளம் காட்டும் 256 பிட் சுருக்கத்தை மட்டும், எரித்து வைக்கிறார்கள். முழுச்சாவி சேமிப்பகத்தின் தொடக்கத்தில் உள்ள பூட் அட்டவணையில் இருக்கும். பூட்ராம் அந்தச் சாவியை எடுத்து ஹாஷ் போட்டு, ஃப்யூஸில் உள்ளதோடு ஒப்பிடும். பொருந்தினால் அதே சாவியைக் கொண்டு அட்டவணையின் கையெழுத்தைச் சோதிக்கும். அட்டவணைக்குள் அடுத்த நிரலின் ஹாஷ் இருக்கிறது. சங்கிலியின் முதல் கண்ணி இப்படித்தான் பூட்டப்படுகிறது.

நின்டெண்டோ இதற்கு மேல் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தது. பழைய மென்பொருளுக்கும் முறையான கையெழுத்து உண்டல்லவா? அதில் ஓட்டை தெரியவந்தால், புதிய பதிப்பை நீக்கிவிட்டுப் பழையதை ஏற்றி அந்த வழியாக நுழையலாம். அதைத் தடுக்க, முக்கியமான புதுப்பிப்புகளின்போது கருவி தன் ஃப்யூஸ்களில் ஒன்றைத் தானே எரித்துக்கொள்ளும். தொடங்கும் மென்பொருள், தான் எதிர்பார்ப்பதைவிட அதிகமான ஃப்யூஸ்கள் எரிந்திருப்பதைக் கண்டால் மேற்கொண்டு ஓடாது. வீட்டுக்குக் கொண்டுவந்த விளையாட்டுச் சாமான் உங்களைக் கேட்காமல் தன் சிலிக்கானில் ஒரு கம்பியை எரித்துக்கொள்கிறது என்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் உறுத்தும் விஷயம். பொறியாளனாகப் பார்த்தால் அழகான தீர்வு. வாங்கியவனாகப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில்லை.

கொல்லைக் கதவு ஏன் இருக்கிறது

எல்லாமே இவ்வளவு கட்டுக்கோப்பாக இருக்கும்போது பூட்ராமில் யுஎஸ்பி எதற்கு என்று கேட்கத் தோன்றும். தொழிற்சாலையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். பலகையில் சில்லைப் பற்றவைத்து முடித்த நேரத்தில் சேமிப்பகம் வெற்றிடம். அதில் முதல் எழுத்தை யாராவது எழுதியாக வேண்டும். அப்போது கருவிக்குள் இருக்கும் ஒரே நிரல் பூட்ராம்தான். ஆகவே வெளியிலிருந்து நிரலை வாங்கிக்கொள்ளும் வழி பூட்ராமிலேயே இருக்க வேண்டும். சேமிப்பகம் கெட்டுப்போன கருவி பழுது பார்க்க வந்தாலும் இதே வழிதான். டெக்ராவில் இதன் பெயர் மீட்பு முறை, சுருக்கமாக ஆர்சிஎம்.

அந்தக் கதவுக்கும் காவல் உண்டு. யுஎஸ்பி வழியாக வரும் செய்தியில் உற்பத்தியாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். பூட்ராம் செய்தி முழுவதையும் நினைவகத்தில் வாங்கி வைத்து, கையெழுத்தைச் சோதித்து, சரியாக இருந்தால்தான் ஓட்டும். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

மேலே சொன்ன வாக்கியத்தில் இருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வாங்கி வைக்கும், அப்புறம் சோதிக்கும். வேறு வழியில்லை, வராத செய்தியைச் சோதிக்க முடியாது. ஆனால் வாங்கி வைக்கும் அந்த இடைவெளியில் பூட்ராம் முன்பின் தெரியாத ஒருவரோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறது. வாசலில் நிற்பவர் அடையாள அட்டையை நீட்டுவதற்கு முன்பே, 'சௌக்கியமா, வீட்டில் எல்லோரும் நலமா' என்று கேட்டு, இவரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை. கதவு திறந்தது இந்தக் குசலம் விசாரிப்பில்தான்.

குசலம் விசாரித்த இடம்

யுஎஸ்பியில் கணினி கருவியிடம் சில வழக்கமான கேள்விகள் கேட்கும். நீ யார், உன் அமைப்பு என்ன, உன் நிலை என்ன என்கிற மாதிரி. ஒவ்வொரு கேள்வியும் 8 பைட். கடைசி 2 பைட்டில், 'பதிலாக நான் எத்தனை பைட் வாங்கிக்கொள்ளத் தயார்' என்று கணினி குறிப்பிடும். 2 பைட் எண் என்பதால் 65,535 வரை போகலாம்.

'நிலை என்ன' என்ற கேள்விக்கு யுஎஸ்பி விதிப்படி பதில் 2 பைட்தான். கணினி 100 பைட் கேட்டாலும் கருவி 2 பைட் கொடுத்தால் போதும். பூட்ராம் நிரலும் மற்ற கேள்விகள் பலவற்றில், கேட்ட அளவு, தன்னிடம் இருக்கும் அளவு, இரண்டில் சிறியதை எடுத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு கேள்வியில் மட்டும், அதாவது யுஎஸ்பியில் தரவு போய்வரும் வாயிலான முனைப்புள்ளி ஒன்றின் நிலையைக் கேட்கும்போது, அந்த ஒப்பீட்டை எழுதியவர் விட்டுவிட்டார். கணினி எத்தனை பைட் கேட்டதோ அத்தனை பைட்டும் அப்படியே நகல் எடுக்கப்பட்டது. 2 பைட் பதிலுக்கு 28,672 பைட் கேட்டால் 28,672 பைட்டும் நகலாகும்.

அந்த எண்ணை நான் சும்மா எழுதவில்லை. இங்கே சிறிது நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு தனியாக இருந்திருந்தால் கருவி நின்றுபோவதோடு முடிந்திருக்கும். நினைவகத்தில் பொருள்கள் வைக்கப்பட்டிருந்த வரிசைதான் அதை ஆயுதமாக்கியது.

கீழிருந்து மேலாக யோசியுங்கள். கீழே யுஎஸ்பிக்கான இரண்டு தற்காலிகக் கிடங்குகள். பதில் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் நகலாகும், இரண்டும் மாறி மாறிப் பயன்படும். அதற்கு மேலே நிரலின் ஸ்டாக். எந்த வேலையை முடித்தால் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரிகள் அதில் இருக்கும். மேல் கிடங்கின் தொடக்கத்திலிருந்து ஸ்டாக்கின் உச்சி வரை இருக்கும் தூரம் சரியாக 28,672 பைட். ஸ்டாக்கின் உச்சியை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், யுஎஸ்பி வழியாக வரும் செய்தி வந்து இறங்கும் இடம்.

இப்போது நகல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். எடுக்கும் இடம் ஸ்டாக்கில் உள்ள அந்த 2 பைட் பதில். அதைத் தாண்டிப் படித்துக்கொண்டே போனால் ஸ்டாக் முடிந்து, வெளியார் அனுப்பிய செய்திக்குள் போய்விடும். போடும் இடம் ஸ்டாக்குக்குக் கீழே இருக்கும் அந்த மேல் கிடங்கு. அங்கிருந்து எழுதிக்கொண்டே மேலே வந்தால் ஸ்டாக்கின் மீது ஏறிவிடும். ஆக, வெளியார் அனுப்பிய பைட்டுகளை வெளியாரே கேட்டபடி எடுத்து, 'எங்கே திரும்ப வேண்டும்' என்ற முகவரிகளின் மேல் பூட்ராம் தன் கையாலேயே எழுதிவிடுகிறது. நகல் முடிந்து திரும்பும்போது அது திரும்புவது வெளியார் சொன்ன இடத்துக்கு. அந்த இடத்தில் வெளியாரின் நிரல் ஏற்கெனவே வந்து காத்திருக்கிறது.

அந்தச் சிறு செயலியில் நினைவகத்தின் ஒரு பகுதியை 'இங்கிருந்து எதையும் ஓட்டாதே' என்று ஒதுக்கிவைக்கும் வசதி கிடையாது. முகவரிகளை இடம் மாற்றி வைத்துக் குழப்பும் ஏற்பாடும் கிடையாது. சிலிக்கானில் வார்த்த நிரல் என்பதால் எல்லாக் கருவியிலும் எல்லா முகவரியும் ஒன்றுதான். ஒரு கருவியில் வேலை செய்தது எல்லாவற்றிலும் செய்யும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறொன்று. நுழைகிறவர் தன் செய்தியை முழுமையாக அனுப்புவதே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு நிலையை விசாரிக்கிறார். செய்தி முடியாததால் கையெழுத்துச் சோதனை தொடங்கவே இல்லை. சோதனை தோற்றது என்று யாராவது எழுதினால் அது பிழை. ஆர்எஸ்ஏ சரியாக இருந்தது, ஹாஷ் சரியாக இருந்தது, ஃப்யூஸ் சரியாக இருந்தது. அவற்றுக்கு முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

பிற்பாடு இன்னொரு விநோதமும் நடந்தது. ஒவ்வொரு முறையும் கம்பியை வளைத்துச் சொருகச் சலித்துப்போனவர்கள், சேமிப்பகத்தில் உள்ள பூட் அட்டவணையில் சில பைட்டுகளை வேண்டுமென்றே கெடுத்து வைத்தார்கள். பூட்ராம் தன் கடமை தவறாமல் அட்டவணையைச் சோதிக்கும், பொருந்தாது, உடனே 'சேமிப்பகம் பழுது' என்று முடிவுகட்டி, தானாகவே மீட்பு முறைக்குப் போய்விடும். சோதனை சரியாக வேலை செய்ததன் விளைவாகவே ஓட்டையுள்ள கதவு திறந்தது.

சொன்னவர்களும் விற்றவர்களும்

இதைக் கண்டுபிடித்தவர் ஒருவரல்லர். கேட் டெம்கினும் அவர் சார்ந்த ரீஸ்விட்ச்ட் குழுவும் ஒருபுறம். அவர்கள் வைத்த பெயர் ஃப்யூசே ஜெலே. ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு மறுபுறம். அவர்கள் ஷோஃபெல்2 என்றார்கள். இரு தரப்பும் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, கெடு முடியும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் முகம் தெரியாத யாரோ ஒருவர் வழிமுறையை வெளியே கசியவிட, 2018 ஏப்ரல் 23 அன்று இரு தரப்பும் தங்களிடம் உள்ளதைப் பொதுவில் வைத்தார்கள். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப்பட்டியலில் சிவிஇ-2018-6242 என்ற எண் இதற்குத்தான்.

ஒரே ஓட்டையைத் தனித்தனியாக இத்தனை பேர் கண்டதில் வியப்பில்லை. பூட்ராம் நிரல் வெளியாருக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் எப்படியோ அதை வெளியே எடுத்துப் படித்தவர்களுக்கு, யுஎஸ்பி பகுதி கைநீட்டிக் கூப்பிட்டிருக்கும்.

இதைக் காசாக்கியவர்களும் இருந்தார்கள். டீம் எக்ஸிகியூட்டர் என்ற கும்பல் திருட்டு விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளை விற்றது. அதில் ஒருவரான கேரி பவுசருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. செக்யூர் பூட் காக்க முடியாததைச் சட்டம் காத்தது என்று இதைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

திருத்த முடியாத தவறு

2018 மார்ச் கடைசி வரை நின்டெண்டோ விற்றிருந்த ஸ்விட்ச் கருவிகள் 1 கோடியே 77 லட்சத்துக்கும் மேல். அத்தனையிலும் அதே பூட்ராம். மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை அனுப்பினாலும் பயனில்லை; புதுப்பிப்பு ஓடத் தொடங்குவதற்கு முன்பே பூட்ராம் ஓடி முடித்துவிடுகிறது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். டெக்ரா எக்ஸ்1 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சில்லு. ஸ்விட்ச் கடைக்கு வந்தது 2017 மார்ச் 3. நின்டெண்டோ தன் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது தாய்ப்பத்திரம் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருந்தது, அதுவும் வேறொருவர் கையால். ஓட்டையும் ஸ்விட்சோடு நிற்கவில்லை. எக்ஸ்2 சில்லுக்கு முந்தைய டெக்ரா வரிசையையே அது தொட்டது. கருவி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நிலைமை இதுதான். பூட்ராமின் மூல நிரலைக் காட்டு என்று சில்லு விற்பவரிடம் கேட்கும் அளவுக்கு எத்தனை பேருக்குச் செல்வாக்கு இருக்கிறது? அவர் தரும் ஆயிரம் பக்கக் கையேட்டில் 'பாதுகாப்பான தொடக்கம் உண்டு' என்ற வரியை நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறோம்.

ஒரு சிறிய வழி மட்டும் இருந்தது. சிலிக்கானில் வார்த்த நிரலிலும் பிழை வரும் என்று எதிர்பார்த்த என்விடியா, சில ஃப்யூஸ்களைத் திருத்தத்துக்கென்று ஒதுக்கியிருந்தது. 'இந்த முகவரிக்கு வரும்போது அங்கே இருப்பதற்குப் பதிலாக இந்தக் கட்டளையை ஓட்டு' என்று அவற்றில் எழுதலாம். அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் விடுபட்ட ஓர் ஒப்பீட்டுக்குத் திருத்தம் போட அவ்வளவே போதும். சிக்கல் என்னவென்றால் கருவி தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது அந்த ஃப்யூஸ்களை மேற்கொண்டு எழுத முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். பூட்டாமல் விட்டால் திருத்தம் என்ற பெயரில் வேறு யாராவது எழுதிவிடலாமே. ஆக விற்றதெல்லாம் விற்றதுதான். இனி தயாராகும் கருவிகளில் மட்டும் எழுதலாம். 2018 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த கருவிகளில் அப்படித்தான் எழுதினார்கள். 2019இல் சில்லையே புதுப்பித்தார்கள்.

ஓட்டை இருந்தும் எல்லாமே கைவிட்டுப் போய்விடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நுழைவுக்குக் கருவி கையில் இருக்க வேண்டும், கம்பி சொருக வேண்டும். தொலைவிலிருந்து யாரும் செய்ய முடியாது. உள்ளே ஏற்றிய நிரல் நினைவகத்தில் மட்டும் இருப்பதால், அணைத்துத் திரும்பப் போட்டால் பழையபடி நின்டெண்டோவின் சங்கிலிதான் ஓடும்; ஒவ்வொரு முறையும் புதிதாக நுழைய வேண்டும். மாற்றிய கருவிகளை நின்டெண்டோ தன் இணையச் சேவையிலிருந்து தள்ளியும் வைத்தது. ஆனால் விளையாட்டுக் கருவியைப் பொறுத்தவரை எதிரி என்பவர் பெரும்பாலும் அதை வாங்கிய ஆள்தான். கருவி எப்போதும் எதிரியின் வரவேற்பறையில்தான் இருக்கிறது. 'கையில் இருந்தால்தானே ஆபத்து' என்ற ஆறுதல் அங்கே செல்லாது.

இதே இடத்தில் விழுந்த மற்றவர்கள்

தாய்ப்பத்திரத்தில் விழுந்த ஓட்டைகளைத் தேடிப் போனால், பெரும்பாலானவை கணிதத்தைச் சுற்றியுள்ள எழுத்துவேலையில்தான் இருக்கின்றன. 2017இல் என்எக்ஸ்பி நிறுவனத்தின் ஐ.எம்எக்ஸ் வரிசைச் சில்லுகளில் குவார்க்ஸ்லாப் ஆய்வாளர்கள் இரண்டு ஓட்டைகளைக் காட்டினார்கள். ஒன்று, கையெழுத்தைச் சோதிப்பதற்காகச் சான்றிதழைப் பிரித்துப் படிக்கும் நிரலில். மற்றது வெளியிலிருந்து நிரலை இறக்கும் மீட்பு முறையில். இவை தொழிற்சாலைக் கருவிகளிலும் கார்களிலும் பரவலாக உள்ள சில்லுகள். 2019 செப்டம்பரில் வெளியான செக்எம்8 என்ற நுழைவு வழி, ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான பூட்ராமை உடைத்தது. அங்கேயும் யுஎஸ்பி, அங்கேயும் மீட்பு முறை. தவறின் வகை வேறு; விடுவித்துவிட்ட நினைவகத்தைத் திரும்பப் பயன்படுத்திய பிழை. இடம் ஒன்றுதான்.

நின்டெண்டோவுக்கே இது முதல் அடி அல்ல. 2006இல் வந்த வீ கருவியில் கையெழுத்துச் சோதனையின் கடைசிப் படியில், இரண்டு ஹாஷ்களை ஒப்பிட வேண்டிய இடத்தில், எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் செயல்கூற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தச் செயல்கூறு சுழியம் மதிப்புள்ள பைட்டைக் கண்டால் 'சொல் முடிந்தது' என்று நினைத்து நின்றுவிடும். இரண்டு பக்கமும் முதல் பைட்டே சுழியமாக இருந்தால், மீதி 19 பைட்டைப் பார்க்காமலே 'ஒன்றுதான்' என்று சொல்லிவிடும். கையெழுத்து இடத்தில் முழுக்கச் சுழியத்தை வைத்தால் ஆர்எஸ்ஏ கணக்கின் விடையும் சுழியம். உள்ளடக்கத்தில் பயனில்லாத ஒரு எண்ணை மாற்றி மாற்றிச் சராசரியாக 256 முறை முயன்றால், ஹாஷின் முதல் பைட் சுழியமாகும் ஒன்று கிடைத்துவிடும். கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம். சாவியே இல்லாமல் கையெழுத்துப் போட்டாயிற்று! இதைப் படித்த அன்று நான் என் பழைய நிரல்களில் அந்தச் செயல்கூற்றைத் தேடிப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வீயிலும் தொடக்கச் சங்கிலியின் இரண்டாம் கண்ணியில் இதே தவறு இருந்தது. அந்தக் கண்ணியின் ஹாஷ் சில்லில் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய நினைவகத்தில் இருந்ததால், விற்ற கருவிகளில் திருத்த முடியவில்லை. பின்னால் தயாரானவற்றில்தான் சரிசெய்தார்கள். பதினோரு ஆண்டு கழித்து அச்சு அசலாக அதே கதை திரும்பியது.

என் பங்குக்கு நாற்பது பலகைகள்

மற்றவர் தவறையே எழுதிக்கொண்டிருப்பது நியாயமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு சிறு நிறுவனத்துக்காக, பம்புசெட்டைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவி ஒன்றில் வேலை செய்தேன். சில்லு ஈஎஸ்பி32. அதிலும் செக்யூர் பூட் உண்டு, பொதுச்சாவியின் ஹாஷை ஃப்யூஸில் எரிக்கும் முறைதான். எரிக்கும் மென்பொருள் சட்டென்று எரித்துவிடாது. திரும்ப முடியாத வேலை என்று எச்சரித்து, 'பர்ன்' என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டினால்தான் எரிக்கும். முதல் பலகைக்கு அதைத் தட்டும்போது கை நடுங்கியது. பத்தாவது பலகைக்கு மேல் அந்தச் சொல்லையும் தானாகத் தட்டும்படி ஒரு நிரல் எழுதிக்கொண்டேன்.

நாற்பது பலகை முடிந்து, கருவிகள் களத்துக்குப் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு சிறு திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. உடன் வேலை செய்த தம்பி கேட்டான்: "அண்ணா, கையெழுத்துப் போடும் சாவிக் கோப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" அது சோதனைக்காக என் மடிக்கணினியில் உண்டாக்கிய சாவி. அந்த மடிக்கணினியை முந்தைய வாரம்தான் துடைத்து வேறு இயங்குதளம் ஏற்றியிருந்தேன். அந்த ஈஎஸ்பி32 சில்லில் ஒரே ஒரு சாவிக்குத்தான் இடம். மாற்றுச் சாவி வைத்துக்கொள்ளும் வசதி அதே நிறுவனத்தின் பிந்தைய சில்லுகளில்தான் வந்தது. நாற்பது கருவிகளும் நன்றாக ஓடின. செக்யூர் பூட் கச்சிதமாக வேலை செய்து, என்னையும் சேர்த்து யாரையும் உள்ளே விடவில்லை. கடைசியில் பலகைகளை மாற்றித்தான் கொடுத்தோம், என் செலவில்.

அதற்குப் பிறகு, எந்தச் சில்லை எடுத்தாலும் கையேட்டில் கையெழுத்துப் பகுதியை நான் கடைசியாகத்தான் படிக்கிறேன். முதலில் படிப்பது, மீட்பு முறை எப்போது திறக்கும், அதை ஃப்யூஸால் நிரந்தரமாக மூட முடியுமா, மூடினால் தொழிற்சாலையில் முதல் எழுத்தை எப்போது எழுதுவது என்பவை. மூட முடிகிற சில்லில் மூடிவிடுகிறேன். மூடிய பிறகு பழுதான பலகை திரும்பி வந்தால் குப்பைதான் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறேன். மூட முடியாத சில்லென்றால், அந்தக் கருவியில் மதிப்புள்ள ரகசியம் எதையும் வைப்பதில்லை. நின்டெண்டோ ஏன் மூடவில்லை என்று கேட்பது எளிது. கோடிக்கணக்கில் விற்கும் கருவிக்கு நான் சொல்லும் 'குப்பைதான்' என்ற பதில் செல்லாது.

ஸ்விட்சைப் பொறுத்தவரை இந்தக் கதை இன்னும் சந்தையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்தப்பட்ட கருவியும் திருத்தப்படாததும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எடை ஒன்று, திரை ஒன்று, விளையாட்டு ஒன்று. வேறுபாடு சில ஃப்யூஸ்களில் மட்டும். அதனால் பழைய கருவி வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் திரையைக்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் பிடித்து, சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரிசை எண்ணைப் படித்து, கைப்பேசியில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். எண் பழையதாக இருந்தால் முகம் மலர்கிறது. விற்பவருக்கும் விவரம் தெரிந்திருந்தால், ஓட்டை உள்ளதற்குத்தான் விலை அதிகம்.